லேசான கன்

கிறிஸ்டோபருக்குச் சட்டைப் பித்தானை எஸ்தர்தான் போட்டுவிடுகிறாள் என்பது முசரவாக்கம் காலனியில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. கம்பெனி வேன் வருகிற நேரத்தில் அவர் வாசலில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து நிற்பார். அவள் கழுத்துப் பித்தானில் ஆரம்பித்துக் கீழே வரைக்கும் போட்டுவிடுவாள். எதிரே குழாயடியில் குடம் வைத்துக்கொண்டு நிற்கிற பெண்கள் சும்மா இருப்பார்களா?

"வயசுப் பொண்ணை வூட்ல வச்சிக்கினு இதுங்களுக்கு இன்னும் கொஞ்சலு தீரலை பாருடி" என்பாள் பொன்னியம்மாள். எஸ்தர் சிரித்துக்கொள்வாள். சிரித்து வைத்தால் அடுத்த கேள்வி வராது என்று அவளுக்குத் தெரியும்.

கொஞ்சலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பித்தான் எது, துணி எது என்று அவருடைய விரலுக்குத் தெரியாமல் போய் வெகுநாளாகிறது. அது அந்த வீட்டில் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். மகள் சுகாசினிக்குக்கூடச் சொல்லவில்லை.

கிறிஸ்டோபருக்கு வாலாஜாபாத்தைத் தாண்டி ஒரு கம்பெனியில் வேலை. விமானத்துக்குக் கதவும், இறக்கைக்குள் போகிற விலாக்களும் செய்கிற இடம். அலுமினியத் தகடுகளைச் சேர்த்து வைத்துத் துளை போட்டு ரிவெட்டு அடிக்க வேண்டும். முன்பக்கம் ஒருவர் கன் பிடிப்பார். துப்பாக்கி மாதிரியே பிடியும் விசையும் இருக்கும். குழாயில் வருகிற காற்றில் ஓடும். குண்டுக்குப் பதிலாக முனையில் ஒரு சின்னச் சுத்தி படபடவென்று அடிக்கும். பின்பக்கம் இன்னொருவர் கனமான இரும்புக் கட்டையை ரிவெட்டின் வாலில் அழுத்திப் பிடித்திருப்பார். அதற்குப் பெயர் பார். கன்னின் அடியும் பாரின் தாங்கலும் சேர்ந்தால்தான் ரிவெட்டின் வால் நசுங்கித் தகடு இறுகும்.

தகட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிறவருக்கு அந்தப் பக்கத்து ஆள் தெரியாது. இரண்டு பேர் காதிலும் அடைப்பான். அதனால் பேச்செல்லாம் தட்டுதான். பார் பிடிக்கிறவர் தகட்டில் ஒரு தட்டுத் தட்டினால் இன்னும் அடி என்று அர்த்தம். இரண்டு தட்டினால் சரி, போதும். மூன்று தட்டினால் கெட்டுப்போச்சு, பிடுங்கி எடு. அந்தத் தட்டு பாதி காதுக்கும் பாதி கைக்கும் வந்து சேரும். கன் பிடித்துப் பழகியவர்களுக்கு அது பேச்சைவிடத் தெளிவாகக் கேட்கும்.

கிறிஸ்டோபருக்கு அந்தப் பக்கம் பார் பிடிக்கிறவன் மாணிக்கவேல். இரண்டு தட்டின பிறகும் அண்ணன் அடித்துக்கொண்டே இருக்கிறார் என்பதைக் கவனித்தது அவன்தான். ரிவெட்டின் தலை பிதுங்கித் தகடு வீணாகப் பார்த்தது. அன்றிலிருந்து அவன் தட்டுவதோடு நிறுத்தாமல் தகட்டைச் சுற்றித் தலையை நீட்டி, "போதும்ணே!" என்று கத்தவும் ஆரம்பித்தான்.

"அண்ணனுக்குக் காது அவுட்டுபா" என்று கேண்டீனில் சொல்லிச் சிரித்தான். கிறிஸ்டோபரும் சேர்ந்து சிரித்தார். காது போனால் ஒன்றும் குடி முழுகிவிடாது. அந்தத் தொழிலில் பாதிப் பேருக்குக் காது மந்தம்தான். கை போய்விட்டது என்று தெரிந்தால்தான் வெளியே அனுப்புவார்கள்.

மார்கழி வந்தால் அந்தக் கையைப் பார்க்கச் சகிக்காது. பனி பட்டதும் விரல் நுனியிலிருந்து வெளுத்துக்கொண்டே வரும். சுண்ணாம்பில் தோய்த்து எடுத்த மாதிரி ஆகிவிடும். வெந்நீரில் வைத்தால் கொஞ்ச நேரம் கழித்துச் சிவந்து வலிக்க ஆரம்பிக்கும். அந்த வலி வருகிற வரைக்கும் எஸ்தருக்கு மூச்சு வராது.

"இப்பதான் எறக்கி வச்சேன், கையை உடாதீங்க. கொஞ்சம் ஆறட்டும்" என்றாள் ஒருநாள் விடியற்காலையில்.

அவர் ஏற்கெனவே விட்டிருந்தார்.

"சுடலியா?"

"வெதுவெதுன்னு இருக்குது."

அவள் விரலை விட்டுப் பார்த்து வெடுக்கென்று எடுத்தாள். அவருடைய கையையும் பிடித்து வெளியே இழுத்தாள். புறங்கை கன்றிப் போயிருந்தது.

"இதுக்கு மேல ஆவாதுங்க. பெரியாஸ்பத்திரில காட்டிக்கினு வரலாம், வாங்க."

"காட்னா இன்னா சொல்லப் போறான்? கன்னைத் தொடாதேம்பான். கன்னைத் தொடலைன்னா அங்க நான் யாரு? தொடப்பம் குடுப்பானுங்க."

"குடுக்கட்டுமே. பெருக்கறவங்கல்லாம் சோறு துண்றதில்லியா?"

"உனக்கு இன்னா தெரியும்? காண்ட்ராக்ட்டுல இருக்கறவனுக்குத் தொடப்பம்கூடக் குடுக்க மாட்டான். சுகாவை என் பேருக்காகத்தான் எடுத்துக்கினு இருக்கான். கிறிஸ்டோபர் பொண்ணுன்னா கை சுத்தமா இருக்கும்னு. அது பர்மனெண்ட் ஆவட்டும். அப்பால நானே போயி சொல்லிட்றேன்."

ஐ.டி.ஐ. முடித்துவிட்டு சுகாசினி அதே கம்பெனியில் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தாள். உள்ளே தலை வாரிக்கொண்டிருந்த அவளுடைய வளையல் சத்தம் கேட்டு இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். நேற்றைய சோற்றில் மோர் ஊற்றி, நெத்திலிக் கருவாட்டைச் சுட்டு வைத்திருந்தாள் எஸ்தர். கிறிஸ்டோபர் கருவாட்டைக் கையால் எடுக்காமல் கிண்ணத்தோடு தூக்கிச் சோற்றில் கொட்டிக்கொண்டார்.

பொங்கல் கழிந்ததும் கம்பெனியில் பழைய கன்களை மாற்றுவது என்று முடிவாயிற்று. எல்லாம் காற்று ஒழுகிக்கொண்டு இருந்தன. சாமான் வாங்குகிற அதிகாரி ராமராஜன் இரண்டு மாதிரிக் கன்களைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. கூடவே வழவழப்பான தாளில் படம் போட்ட விளம்பரங்கள் இருந்தன. அதையெல்லாம் யாரும் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. எந்தச் சாமான் வந்தாலும் கிறிஸ்டோபர் ஒருதரம் பிடித்துப் பார்த்துச் சொன்னால் போதும் என்பது அந்த ஷெட்டின் வழக்கம். முன்பு ஒருதரம், பெட்டி பிரித்த கையோடு ஒரு லாட்டையே திருப்பி அனுப்ப வைத்தவர் அவர். அந்தப் பெருமையை அவரே நாலு பேரிடம் சொல்லாமல் இருந்திருந்தால் அன்று தப்பித்திருக்கலாம்.

கன்னைச் சோதிக்கிற முறை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கையுறையைக் கழற்றிவிட வேண்டும். மரக்கட்டைமேல் முனையை வைத்து விசையை மெல்ல அழுத்தினால் காற்று மெல்ல வர வேண்டும். எடுத்த எடுப்பில் முழுக்க அடித்தால் அந்தக் கன் தகட்டைக் கெடுக்கும். அடிக்கும்போது உதறல் பிடியிலேயே அடங்கிவிட வேண்டும். மணிக்கட்டுக்கு ஏறக்கூடாது. வெளியே போகிற காற்று விரலைவிட்டு விலகிப் போக வேண்டும். விரல்மேலேயே அடித்தால் ஐஸ் மாதிரி இருக்கும். இதையெல்லாம் எந்தக் கருவியாலும் அளக்காமல் கையே சொல்லிவிடும். கை உயிரோடு இருந்தால் சொல்லும்.

கிறிஸ்டோபர் சிவப்பை எடுத்தார். எல்லோரும் சுற்றி நின்றார்கள். பயிற்சிப் பிள்ளைகளோடு சுகாசினியும் நின்றாள். அவர் கட்டையில் வைத்து அடித்தார். ஒன்றும் தெரியவில்லை. தூரத்தில் லாரி போகிற மாதிரி தோளில் ஏதோ அதிர்ந்தது, அவ்வளவுதான். கறுப்பை எடுத்து அடித்தார். அதேதான். மறுபடி சிவப்பு, மறுபடி கறுப்பு. விசை மெல்ல வருகிறதா, காற்று எங்கே அடிக்கிறது என்று அவருக்குப் பிடிபடவே இல்லை.

"என்ன கிறிஸ்டோபர், ரொம்ப யோசிக்கறீங்க?" என்றார் ராமராஜன்.

சிவப்புக் கன்னில் உதறலை உள்வாங்குகிற அமைப்பு இருந்தது. அதனால் கனம். கறுப்பில் அப்படி எதுவும் கிடையாது. கிறிஸ்டோபருக்குத் தோளில்தான் உணர்ச்சி ஒழுங்காக மிச்சம். அங்கே தெரிந்தது எடை ஒன்றுதான்.

"கறுப்பு லேசா இருக்குது சார்" என்றார். "நாள்பூரா புடிச்சாலும் நோவாது."

ராமராஜன் முகம் மலர்ந்தது. இரண்டில் மலிவு எது என்று அவருக்கு முன்பே தெரியும். அது தான் சொல்லாமலே தொழிலாளி வாயாலேயே வந்ததில் அவருக்கு இரட்டிப்புச் சந்தோஷம்.

கூட்டம் கலைந்ததும் மாணிக்கவேல் கறுப்பை எடுத்து ஒரு அடி அடித்துப் பார்த்தான். கையை உதறிக்கொண்டான்.

"அண்ணே, எனக்கு மணிக்கட்டு வரிக்கும் ஏறுதே?"

"புதுசு இல்ல? ஓட ஓடப் படிஞ்சிடும்" என்றார் கிறிஸ்டோபர்.

"சரிதான். எனக்கு இன்னா தெரியும், நீ சொன்னா சரிதான்" என்று வைத்துவிட்டுப் போனான்.

கோடையில் புதுக் கன்கள் வந்து இறங்கின. சுகாசினிக்குப் பயிற்சி முடிந்து லைனில் விட்டார்கள். பார் பிடிக்கிற வேலை. புதிதாக வருகிறவர்களுக்கு அதுதான் கொடுப்பார்கள். கன்னின் உதறல் முழுவதும் தகட்டைக் கடந்து பாரில்தான் வந்து விழும். அந்த ஷெட்டில் நடந்த கூத்தைச் சொன்னால் வெளியாட்கள் நம்பமாட்டார்கள். எல்லோருக்கும் கை மரத்தது. சிலர் டீ டம்ளரை இரண்டு கையால் பிடித்தார்கள். ஆனால் கன் சரியில்லை என்று ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை. கிறிஸ்டோபர் அண்ணன் பிடித்துப் பார்த்துச் சொன்ன கன். அவருக்கு நோகாதது நமக்கு நோகிறது என்றால் நம் கையில்தான் கோளாறு என்று ஒவ்வொருவரும் தனித்தனியே நினைத்துக்கொண்டார்கள். நோகிறது என்று சொன்னால் கேவலம் என்று மறைத்தார்கள். ஆளாளுக்குத் தைலம் வாங்கித் தேய்த்துக்கொண்டார்கள்.

ஆடிக் காற்று புழுதியை வாரி அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. மூவரும் உட்கார்ந்து கறிக்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா, ஆரம்பத்துல கையி மரமரன்னு இருக்குமா?" என்றாள் சுகாசினி.

கிறிஸ்டோபர் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார். கோளாறு கறுப்புக் கன்னில்தான் என்று அந்த நிமிஷமே அவருக்குத் தெரிந்துவிட்டது. மாணிக்கவேல் கையை உதறியது நினைவுக்கு வந்தது.

"எப்பவும் இருக்குதா, வேலை முடிஞ்ச அப்பால மட்டுமா?"

"சாயங்காலம் இருக்கும். காலைல சரியாப் பூடும். கூட இருக்கறதுங்க யாரும் ஒண்ணும் சொல்லலை. எனக்குத்தான் பலம் பத்தலை போல."

"பழகிடும்மா" என்றார்.

இதைச் சொல்லிவிட்டு அவர் இன்னொரு கரண்டி குழம்பு கேட்டார். ஒரு மனுஷன் இப்படியும் இருப்பானா என்று கேட்கத் தோன்றும். இருப்பான். பர்மனெண்ட் ஆகட்டும், பர்மனெண்ட் ஆகட்டும் என்று மனசுக்குள் ஜெபம் மாதிரி சொல்லிக்கொண்டு எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

எஸ்தர் பட்டுச் சேலைக்குக் குச்சுக் கட்டுகிறவள். முந்தானை நூலைப் பிரித்து, கலர் நூல் கோத்து, ஊசியால் முடிச்சுப் போட்டுத் தொங்கவிடுகிற வேலை. காஞ்சிபுரத்துக் கடைகளிலிருந்து சைதூன் அக்கா ஸ்கூட்டியில் சேலைகளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, முடிந்ததும் வாங்கிப் போவாள். முகூர்த்த நாட்கள் வந்தால் சுகாசினியும் சேர்ந்து கட்டுவாள். அம்மாவைவிட அவள் முடிச்சுதான் அழகு என்று சைதூனே சொல்வாள். தறிக்காரர் வீட்டுப் பெண்கள்கூட அவள் கட்டின குச்சைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள்.

ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்ட வாரத்தில் சைதூன் நனைந்துகொண்டே வந்தாள். இரண்டு சேலைகளைத் திருப்பிக் கொண்டுவந்திருந்தாள்.

"எஸ்தரம்மா, இதப் பாரு. முடிச்செல்லாம் லூசா இருக்குது. இஸ்த்தா கழண்டு வருது. யாரு கட்னது?"

எஸ்தர் வாங்கிப் பார்த்தாள். மகள் கட்டினது. "அவசரத்துல கட்டிட்டா போல. குடுக்கா, சரி பண்ணிட்றோம்."

முகூர்த்த அவசரத்துக்காக அன்று லீவு போட்டிருந்த சுகாசினி அப்போது உள்ளே இன்னொரு சேலைக்குக் கட்டிக்கொண்டிருந்தாள். கிளிப்பச்சை உடல், அரக்கு முந்தானை, முகூர்த்தச் சேலை. சைதூன் அதைப் பார்க்க எட்டிப் போனவள், "ஐயோ அல்லா" என்று நின்றுவிட்டாள்.

கிளிப்பச்சையில் ஒரு இடத்தில் சிவப்பாகப் பொட்டு. பக்கத்தில் இன்னொன்று. சுகாசினியின் இடது ஆள்காட்டி விரலில் ஊசி ஏறி நின்றது. ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்காமல் அடுத்த முடிச்சுக்கு நூலை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"சுகா, வெரலு!" என்று கத்தினாள் எஸ்தர்.

அவள் குனிந்து பார்த்தாள். பார்த்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. ஊசியைப் பிடுங்கினாள். முகத்தில் வலியே இல்லை. பயம்தான் இருந்தது.

"கத்தாதே, கத்தாதே. கறை போயிடும்" என்றாள் சைதூன். "யாரு ரத்தமோ அவங்க எச்சில்தான் வைக்கணும். உன் வாயில நூலை வச்சி ஈரம் பண்ணு. ம், அப்டித்தான். ஒத்தி எடு, தேய்க்காதே. கடையில மட்டும் யாருக்கும் சொல்லிடாதீங்கம்மா."

சுகாசினி நூலை எச்சிலில் நனைத்து ஒற்றி ஒற்றி எடுத்தாள். கறை மெல்லப் போயிற்று. சைதூன் மூன்று சேலைகளையும் மடித்துப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டாள். புதிதாக எதையும் கொடுக்கவில்லை. போகும்போது எஸ்தரின் தோளைத் தொட்டு, "பொண்ணைக் கொஞ்சம் பாரும்மா" என்று மட்டும் சொன்னாள்.

சாயங்காலம் வேலை முடிந்து கிறிஸ்டோபர் வந்ததும் எஸ்தர் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து 'வாங்க, போங்க' என்று பேசியவள்.

"அந்தக் கன்னை நீ எதால புடிச்சிப் பாத்தே?" என்றாள்.

"இன்னா கேக்கற?"

"காலைல நான் பட்டன் போட்டு அனுப்பின கை. வெந்நீர் கொதிக்கிறது தெரியாத கை. அத்த வச்சிக்கினு அத்தினி பேரு எதிர்ல நல்லா இருக்குதுன்னு எப்டிய்யா சொன்னே?"

அவர் சுவரோரம் உட்கார்ந்தார்.

"எனக்கு அப்பவே தெரியாமப் போச்சே. உன்னைக் கூப்ட்டு கேக்கறாங்கன்னு நீ வந்து பெருமையா சொன்னப்ப நான் சோத்தைப் போட்டுக்கினு சிரிச்சேனே."

"எஸ்தரு..."

"ஊசி ஏறினது தெரியலைய்யா அவளுக்கு. இருபது வயசு. நாளைக்கு ஒரு கொழந்தையைத் தூக்கினா அதுக்குக் காய்ச்சல் அடிக்குதான்னு கையி சொல்லுமா?"

சுகாசினி கதவோரம் நின்றிருந்தாள். "அம்மா, இன்னா சொல்ற? அப்பா கைக்கு இன்னா?"

கிறிஸ்டோபர் இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டு அழுதார். ஓட்டின்மேல் மழை அடித்த சத்தத்தில் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்காது. சுகாசினி வந்து அவர் விரலைக் கிள்ளிப் பார்த்தாள். அவர் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் அழுத்திக் கிள்ளினாள். "விடும்மா" என்று அவர் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு.

மறுநாள் அவர் ராமராஜன் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னார். அந்தத் தைரியத்துக்காவது அவரைப் பாராட்ட வேண்டும். வேறு எதற்கும் இல்லை. ராமராஜன் கெட்டவர் இல்லை. கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இப்ப வந்து சொல்றீங்களே கிறிஸ்டோபர். வாங்கி ஆறு மாசமாச்சு. நான் மேல என்னன்னு போய்ச் சொல்றது? ஒரு ஆள்கூட இதுவரைக்கும் கம்ப்ளெயிண்ட் பண்ணலையே."

"நான் நல்லா இருக்குதுன்னு சொன்னதாலதான் சார் பண்ணலை."

"சரி, இப்போதைக்கு எல்லாருக்கும் நல்ல கிளவுஸ் வாங்கித் தரச் சொல்றேன். கன்னை அடுத்த வருஷம் பாக்கலாம். ஆனா உங்களை இனிமே லைன்ல விட முடியாது. எனக்கும் பொறுப்பு இருக்கு."

கம்பெனி டாக்டர் குண்டூசியால் விரல் விரலாகக் குத்திப் பார்த்தார். கிறிஸ்டோபர் கண்ணை மூடிக்கொண்டு, எங்கே குத்துகிறார் என்று ஊகித்து ஊகித்துச் சொன்னார். ஒன்றும் சரியாக வரவில்லை. மத்தியானத்துக்குள் கேட்டில் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். அவரை வெளியே அனுப்பினார்கள். கறுப்புக் கன்கள் உள்ளேயே இருந்தன.

விஷயம் ஷெட்டுக்குள் பரவி, மாணிக்கவேல் பாரைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டுக்கு ஓடிவந்தான். அடிக்கப் போகிறான் என்றுதான் காவல்காரர் நினைத்தார். அவன் கிறிஸ்டோபருக்கு எதிரே வந்து நின்றான்.

"திட்டுடா" என்றார் கிறிஸ்டோபர்.

"அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சிதுண்ணே. மணிக்கட்டுக்கு ஏறுதுன்னு சொன்னேன் இல்ல? எனக்குத் தெரிஞ்சிது." அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். "உன்னை நம்பிக்கினு என் கையை நானே நம்பாமப் பூட்டேன்."

அவன் திரும்பி உள்ளே போனான். அவனுக்கும் வீட்டில் உலை வைக்க வேண்டும்.

வீட்டில் எஸ்தர் மகளிடம் ஒரே பிடியாக நின்றாள். நீ போகவேண்டாம், வேறு எங்காவது பார்க்கலாம், செருப்புக் கம்பெனிக்குப் போ, துணிக்கடைக்குப் போ என்றாள். சுகாசினி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"அப்பாவும் வூட்ல, நானும் வூட்ல, சைதூன் அக்காவும் சேலை குடுக்கலை. அப்பால?" என்றாள். "கிளவுஸ் குடுத்துக்கினு இருக்காங்கம்மா. கொஞ்ச நாளுதான். பர்மனெண்ட் ஆவட்டும். அப்பால நானே சொல்லிட்றேன்."

கிறிஸ்டோபர் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். அந்த வார்த்தைகளை அவர் அந்த வீட்டில் வேறு யார் வாயிலும் கேட்டதில்லை.

மார்கழி பிறந்தது. தெருவில் பனி இறங்கிக் குழாயடியில் ஆள் முகம் தெரியாமல் இருந்தது. கிறிஸ்டோபர் அக்குளில் கைகளைக் கொடுத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தார். சுகாசினி குளித்துவிட்டு, சுடிதாருக்கு மேலே கம்பெனிச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். சட்டையின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் முயன்றாள். பிறகு கையைக் கீழே போட்டாள். அம்மாவுக்கு எதிரே வந்து நிமிர்ந்து நின்றாள்.

"இன்னா எஸ்தரு, அப்பனுக்கு முடிஞ்சி இப்ப பொண்ணுக்கா?" என்று குழாயடியிலிருந்து பொன்னியம்மாள் குரல் கொடுத்தாள்.

எஸ்தர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. கழுத்துப் பித்தானில் ஆரம்பித்துக் கீழே வரைக்கும் போட்டுவிட்டாள். தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது.